மார்கழி நடைக்கு அண்ணனையும் கூட்டிட்டுப் போங்க!

தெருவெல்லாம் கோலம், நடுவில் பூசணிப்பூ, டீக்கடை வாசலில் மஃப்ளர் கட்டிய தாத்தாக்கள்... மார்கழியில் கிராமமே வாசலுக்கு வந்துவிடும். ஆனால், முதுகுத்தண்டு பாதித்து நடக்க முடியாமல் இருப்பவரை மட்டும், 'பனி ஆகாது' என்று உள்ளேயே வைத்துவிடுகிறோம். கொஞ்சம் கவனமாக இருந்தால், சக்கர நாற்காலியிலேயே ஊரைச் சுற்றி வரலாம்.

நடக்கிறவருக்கு உடம்பு தானாகச் சூடாகும். உட்கார்ந்திருப்பவருக்கு அப்படி ஆகாது. எனவே, வெயில் வந்ததும் கிளம்புங்கள். கோலம் அப்போதும் இருக்கும். அவருக்கு ஸ்வெட்டர், சாக்ஸ், போர்வை அவசியம். போர்வை நுனி சக்கரத்தில் சிக்காமல் செருகிவிடுங்கள்.

உணர்ச்சியற்ற காலுக்குக் குளிர் மட்டுமல்ல, சூடும் தெரியாது. குளிர்காய நெருப்பருகே நிறுத்துவதும், காலடியில் வெந்நீர்ப் பை வைப்பதும் தீக்காயத்தில் முடியலாம். திரும்பியதும் பாதம், குதிகால், பின்புறம் எங்காவது சிவந்தோ கறுத்தோ இருக்கிறதா என்று பாருங்கள். அது மறையாவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள். படுக்கைப் புண் இப்படித்தான் ஆரம்பிக்கும்.

இன்னொரு விஷயம்... நாற்காலியைத் தினமும் அம்மாவேதான் தள்ள வேண்டுமா? வாரத்தில் 2 நாள் தம்பியோ, பக்கத்து வீட்டுப் பையனோ தள்ளட்டும். அந்த அரை மணி நேரம் அம்மா உட்கார்ந்து, ஆறுவதற்குள் ஒரு டீ குடிக்கட்டும்!