தலைக்காயத்திற்குப் பின் மது: குடும்பத்தார் அறிய வேண்டியவை

எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு இடையே இருசக்கர வாகனத்தில் வேலைக்குச் செல்வோர் காலடிப்பேட்டை, திருவொற்றியூர்ப் பகுதிகளில் பலர். விபத்து நேர்ந்தால் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு, 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் துணைநிற்கிறது. வீடு திரும்பிய பின் வரும் மாதங்களோ குடும்பத்தாரின் பொறுப்பு. அப்போது எழும் கடினமான வினா மதுவைப் பற்றியது.

காயமடைந்த மூளைக்கு முன்பிருந்த தாங்குதிறன் இராது. முன்பைவிடக் குறைவாகக் குடித்தாலே நடை தள்ளாடும். மீண்டும் விழுந்து தலையில் அடிபட நேரிடும். வலிப்பு வரும் வாய்ப்பு உயரும். வலிப்புத் தடுப்பு மாத்திரைகளுடன் மது சேர்ந்தால் மயக்கமும் மிகும். எனவே “சிறிதளவு குடிக்கலாமா?” என்று கேட்போருக்கு மருத்துவர்கள் கூறும் விடை, கூடாது என்பதே.

“சத்தியம் செய்தார், மறுநாளே மீறிவிட்டார்” என்று மனைவியரும் தாய்மாரும் வருந்துவதை அடிக்கடி கேட்கிறோம். மூளையின் முன்பகுதி பாதிக்கப்பட்டவருக்கு ஆசையை அடக்குவதும் சொன்ன சொல்லை நினைவில் கொள்வதும் கடினம். அதனை ஏமாற்று என்று மட்டும் கொள்ள வேண்டா. நீண்ட அறிவுரை அவர் மனத்தில் நிற்காது; போதையில் இருக்கும்போது வாதிடுவதும் வீண். தெளிவாக இருக்கும் காலை வேளையில், ஒரு நேரத்தில் ஒரே செய்தியைச் சுருக்கமாகக் கூறுங்கள். நாட்காட்டியில் எழுதி வையுங்கள். சம்பள நாள் மாலையில் ஒருவர் உடனிருப்பது நன்று. “உடம்பு வலிக்கு ஒரு கட்டிங்” என்று அழைக்கும் நண்பர்களிடம் வலிப்பு அபாயத்தை நீங்களே நேரில் எடுத்துரையுங்கள். அவர்களுள் பலர் அதனை அறியாதவர்களே.

குடியை நிறுத்தும் மாத்திரையை அவருக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. இது உயிருக்கே ஆபத்தானது. அம்மாத்திரை உடலில் இருக்கையில் மது அருந்தினால் இரத்த அழுத்தம் திடீரெனச் சரியக்கூடும். நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவரை வீட்டில் அடைத்து ஒரேயடியாக நிறுத்துவதும் தவறு. நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் ஏற்படலாம். ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவை முதலில் அணுகவும்.

குடித்துவிட்டு விழுந்தவர் எழுப்பியும் எழாவிட்டாலோ, தொடர்ந்து வாந்தி எடுத்தாலோ, கண்மணிகளுள் ஒன்று பெரிதாகத் தெரிந்தாலோ, போதை தெளியட்டும் என்று காத்திராமல் 108-ஐ அழைக்கவும்.

பராமரிப்பவரும் உறக்கமின்றித் தளர்ந்துபோவதுண்டு. 14416 என்னும் டெலி மானஸ் கட்டணமில்லா எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். நோயாளிக்காக மட்டுமன்றி, தமக்காகவும் அழைக்கலாம்.