சான்றிதழ் கையில், படம் பெட்டியில்! மத உணர்வு சர்ச்சைகளில் உண்மையில் முடிவெடுப்பது யார்?

2013 ஜனவரி 25. வாளையாறு செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம், பாலக்காட்டில் 'விஸ்வரூபம்' ஓடிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம், கோவையில் ஓடவில்லை. இரண்டு ஊருக்கும் இடையே ஒரு மணி நேரப் பயணம்தான். அதே படம், அதே சென்சார் சான்றிதழ். கமல் ரசிகர்கள் வண்டி பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

ஒரு படமோ நாவலோ மத உணர்வைப் புண்படுத்துகிறது என்று எதிர்ப்பு கிளம்பும்போதெல்லாம் நாம் 'கருத்துச் சுதந்திரமா, மத உணர்வா' என்ற பட்டிமன்றத்துக்குள் போய்விடுகிறோம். அது முக்கியமான கேள்விதான், மறுக்கவில்லை. ஆனால் சட்டம் அதற்கு ஓரளவு தெளிவாகவே பதில் சொல்லி 30 வருடங்களுக்கு மேல் ஆகிறது. அப்படியிருந்தும் ஏன் ஒவ்வொரு முறையும் படம் நிற்கிறது? அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

சென்சார் ஓகே சொன்ன பிறகும் தடுக்க முடியுமா?

முடியும். சான்றிதழ் கொடுப்பது மத்திய அரசின் கீழ் வரும் தணிக்கை வாரியம். சட்டம் ஒழுங்கு மாநில அரசின் கையில். இந்த இடைவெளியில்தான் எல்லாத் தடைகளும் நுழைகின்றன.

தமிழ்நாடு திரையரங்குகள் ஒழுங்குமுறைச் சட்டம், 1955-ன் 7-வது பிரிவைப் பாருங்கள். ஒரு படம் பொது அமைதியைக் குலைக்கும் என்று கருதினால், அதன் திரையிடலை மாநிலம் முழுக்க அரசும், தன் மாவட்டத்தில் ஆட்சியரும் நிறுத்திவைக்கலாம். இது போக, நமக்கெல்லாம் '144 தடை உத்தரவு' என்று பழகிப்போன பிரிவு இருக்கிறது. 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் அதற்கு 163 என்று எண். மத உணர்வைப் புண்படுத்தியதாக வழக்குப் போட இந்திய தண்டனைச் சட்டத்தில் இருந்த 295ஏ, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 299.

இந்த 295ஏ-வுக்கு ஒரு கதை உண்டு. 1920-களில் லாகூரில் நபிகள் நாயகத்தைப் பற்றி வெளியான ஒரு பிரசுரம் பெரும் கொந்தளிப்பைக் கிளப்பியது. பதிப்பாளரைத் தண்டிக்கச் சட்டத்தில் சரியான பிரிவு இல்லை என்று நீதிமன்றம் விடுவித்துவிட்டது. அதன் பிறகுதான் ஆங்கிலேய அரசு 1927-ல் இந்தப் பிரிவைக் கொண்டுவந்தது. அந்தப் பதிப்பாளர் 1929-ல் குத்திக் கொல்லப்பட்டார். ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: 'வேண்டுமென்றே, தீய நோக்கத்துடன்' என்ற நிபந்தனை இந்தப் பிரிவிலேயே இருக்கிறது. 'எனக்கு மனசு கஷ்டமாயிடுச்சு' என்பது மட்டும் போதாது.

கோர்ட் என்ன சொல்லியிருக்கிறது?

இந்தியாவில் இதற்கான அடிப்படைத் தீர்ப்பே ஒரு தமிழ்ப் படத்தால் வந்ததுதான். படத்தின் பெயர் 'ஒரே ஒரு கிராமத்திலே'. இட ஒதுக்கீட்டைத் தொட்ட படம். மத சர்ச்சை இல்லை, ஆனால் எதிர்ப்பு கடுமையாக இருந்தது. சென்னை உயர் நீதிமன்றம் அதன் சான்றிதழை ரத்து செய்தது. 1989 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது.

அப்போது நீதிபதிகள் சொன்னதன் சாரம் இதுதான்: பேச்சுக்கும் கலவரத்துக்கும் உள்ள தொடர்பு, வெடிமருந்துப் பீப்பாயில் விழும் தீப்பொறி போல நேரடியாக இருக்க வேண்டும். போராட்டம் நடத்துவோம், ஊர்வலம் போவோம், வன்முறை வெடிக்கும் என்ற மிரட்டலுக்காகக் கருத்தை அடக்கக் கூடாது. எதிர்ப்பாளர்களைச் சமாளிக்க முடியவில்லை என்று அரசு கைவிரிக்கவும் கூடாது. பாதுகாப்புக் கொடுப்பது அதன் கடமை.

2006-ல் 'தி டாவின்சி கோட்' வந்தபோது இது தமிழ்நாட்டிலேயே சோதனைக்கு வந்தது. 'ஏ' சான்றிதழ், 'இது கற்பனை' என்ற அறிவிப்பு எல்லாம் இருந்தும், அப்போதுதான் ஆட்சிக்கு வந்திருந்த திமுக அரசு, கிறிஸ்தவ அமைப்புகளின் எதிர்ப்பைத் தொடர்ந்து படத்தைத் தடை செய்தது. விநியோக நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றம் போய் ஜெயித்தது. ஆந்திராவிலும் தடை ரத்தானது. ஆனால் தீர்ப்பு வருவதற்குள் வாரங்கள் ஓடிவிட்டன. உலகமே பார்த்து முடித்த படத்துக்கு அப்புறம் யார் டிக்கெட் எடுப்பார்கள்? (இதில் ஒரு வேடிக்கை, 2003-ல் வெளியான மூல நாவல் அந்தச் சமயத்தில் சென்னைப் புத்தகக் கடைகளில் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது.)

விஸ்வரூபம்: அந்த 2 வாரங்கள்

2013-ல் ஆட்சியில் இருந்தது அதிமுக. முஸ்லிம் அமைப்புகளின் கூட்டமைப்பு படத்தைப் பார்த்துவிட்டு, தங்கள் சமூகத்தைப் பயங்கரவாதத்தோடு சேர்த்துக் காட்டுவதாக எதிர்ப்புத் தெரிவித்தது. இந்த வருத்தத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. குண்டு வைப்பவர் என்றாலே தாடியும் தொப்பியும் என்று தமிழ் சினிமா வருடக்கணக்கில் பழக்கி வைத்திருந்ததே. கண்டித்து எழுதலாம், போராடலாம், வழக்குப் போடலாம். அதெல்லாம் உரிமை.

ஆனால் நடந்தது வேறு. ரிலீஸுக்கு முன்பே மாநிலம் முழுக்க 144-ன் கீழ் 15 நாள் தடை வந்தது. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி படத்தைப் பார்த்து, ஜனவரி 29 இரவு தடையை நிறுத்திவைத்தார். மறுநாளே இரண்டு நீதிபதிகள் அமர்வு அந்த உத்தரவுக்குத் தடை போட்டது. சொத்துகளை அடமானம் வைத்துப் படம் எடுத்திருந்த கமல்ஹாசன், மதச்சார்பற்ற இடம் தேடி நாட்டைவிட்டே போக வேண்டியிருக்கலாம் என்று பேட்டி கொடுத்தது அந்த நாளில்தான்.

ஜனவரி 31 அன்று முதல்வர் ஜெயலலிதா செய்தியாளர்களைச் சந்தித்தார். 524 தியேட்டர்களில் வெளியாகும் படம், எல்லாவற்றுக்கும் பாதுகாப்புக் கொடுக்கும் அளவுக்குப் போலீஸ் இல்லை என்பது அவருடைய விளக்கம். நடைமுறையில் அது நியாயமான கவலையாகத் தோன்றலாம். ஆனால் 1989-ல் உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்த வாதமும் இதேதான்!

அடுத்து? வழக்கு முடியும்வரை யாரும் காத்திருக்கவில்லை. பிப்ரவரி 2-ல் பேச்சுவார்த்தை. 7 இடங்களில் காட்சி, ஒலி மாற்றங்களுக்குக் கமல் ஒப்புக்கொண்டார். பிப்ரவரி 7-ல் படம் வந்தது.

எந்த வசனம் இருக்கலாம், எது கூடாது என்று முடிவு செய்த இடம் தணிக்கை வாரியமும் இல்லை, நீதிமன்றமும் இல்லை. ஒரு மேஜை. அந்த மேஜையில் தயாரிப்பாளர் ஏன் விட்டுக்கொடுக்கிறார் என்று புரிந்துகொள்ள பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. படத்தின் வசூல் முதல் வெள்ளி, சனி, ஞாயிறில் இருக்கிறது. வட்டி தினமும் ஏறுகிறது. திருட்டு விசிடி சந்தைக்கு வந்துவிடும். வழக்கில் ஜெயிக்க எல்லா வாய்ப்பும் இருந்தாலும், ஜெயிக்கும் நாளில் கையில் இருப்பது பழைய படம். தடை சட்டப்படி செல்லுமா என்பதைவிட எத்தனை நாள் நீடிக்கும் என்பதுதான் கணக்கு. எதிர்ப்பவர்களுக்கும் இது தெரியும், அரசுகளுக்கும் தெரியும்.

ஒருவேளை ரிலீஸுக்கு முன்பே உச்ச நீதிமன்றம் தலையிட்டால்? 2018-ல் 'பத்மாவத்' படத்துக்கு அதுவும் நடந்தது. மாநிலத் தடைகளை உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. ஆனாலும் குஜராத், ராஜஸ்தான் உள்ளிட்ட மாநிலங்களில் மல்டிபிளெக்ஸ் உரிமையாளர்கள் பயந்துபோய்ப் படத்தைப் போடவில்லை. உத்தரவு காகிதத்தில் இருக்கிறது, கண்ணாடி உடைந்தால் தியேட்டர்காரர்தான் மாற்ற வேண்டும்.

ஓடிடி-யில் இன்னும் சுலபம்

தியேட்டருக்காவது ஆட்சியர் உத்தரவு, தேதி, கையெழுத்து என்று ஏதாவது இருக்கும். அதை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போகலாம். நயன்தாரா நடித்த 'அன்னபூரணி'க்கு அதுவும் இல்லை. ஸ்ரீரங்கத்து அர்ச்சகர் குடும்பத்துப் பெண் சமையல் கலைஞராகி அசைவம் சமைக்கும் கதை. 2023 டிசம்பர் 1-ல் தியேட்டரில் வந்தபோது பெரிய சத்தம் எதுவும் இல்லை. மாதக் கடைசியில் நெட்ஃபிளிக்ஸில் வந்த பிறகுதான், ராமர் அசைவம் சாப்பிட்டதாக வரும் வசனமும், பிரியாணி சமைக்கும் முன் நாயகி தொழுகை செய்யும் காட்சியும் இந்துக்களைப் புண்படுத்துவதாக மும்பையில் போலீஸ் புகார் போனது. 2024 ஜனவரியில் படம் தளத்திலிருந்தே காணாமல் போனது. தயாரிப்பில் பங்கெடுத்த நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. நயன்தாராவும் 'ஜெய் ஸ்ரீராம்' என்ற தலைப்புடன் வருத்தம் தெரிவித்தார். சான்றிதழ் பெற்றுத் திரையரங்கில் ஓடிய படம் நீக்கப்படும் என்று எதிர்பார்க்கவில்லை என்பதையும் அதிலேயே சொல்லியிருந்தார்.

அரசு தடை செய்யவில்லை, நீதிமன்றம் விசாரிக்கவில்லை. படத்தை வைத்திருந்தவர்களே எடுத்துவிட்டார்கள். எதை எதிர்த்து வழக்குப் போடுவது?

புத்தகத்துக்கு என்ன நடந்தது?

நாவலுக்கு ரிலீஸ் தேதி இல்லை, முதல் வார வசூல் இல்லை. அப்போ எழுத்தாளரால் தாக்குப்பிடிக்க முடியுமா? பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010-ல் வெளியானது. நான்கு வருடம் யாருக்கும் பிரச்சினை இல்லை. 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் புத்தகம் கொளுத்தப்பட்டது. குழந்தையில்லாத பெண்கள் தேர்த்திருவிழாவின் 14-ம் நாள் இரவில் முன்பின் தெரியாத ஆணைக் கடவுளாக ஏற்கும் வழக்கம் பற்றி நாவல் பேசுகிறது. தங்கள் ஊர், கோயில் பெயரோடு எழுதிப் பெண்களை அவமதித்துவிட்டார் என்பது எதிர்ப்பாளர்களின் குற்றச்சாட்டு. கடையடைப்பு நடந்தது.

2015 ஜனவரி 12. நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் 'அமைதிப் பேச்சுவார்த்தை'. இங்கேயும் ஒரு மேஜை. நிபந்தனையற்ற வருத்தம், விற்காத பிரதிகளைத் திரும்பப் பெறுவது என்று எழுதிய தாளில் அரசுக் கல்லூரிப் பேராசிரியரான அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். அடுத்து, எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று ஃபேஸ்புக்கில் அறிவித்தார்.

2016 ஜூலை 5-ல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தப் பேச்சுவார்த்தை ஒப்பந்தம் அவரைக் கட்டுப்படுத்தாது, பிடிக்காதவர்கள் புத்தகத்தைப் படிக்காமல் இருக்கலாம், அவர் மீண்டும் எழுத வேண்டும் என்றது. இப்படிப்பட்ட சர்ச்சைகளைக் கையாள நிபுணர் குழு வேண்டும் என்றும் சொன்னது. முழு வெற்றி. கையெழுத்துக்கும் தீர்ப்புக்கும் இடையே ஏறக்குறைய ஒன்றரை வருடம்.

அந்த ஆகஸ்டில் கவிதைத் தொகுப்போடு அவர் திரும்பி வந்தார். தொகுப்பின் பெயர் 'கோழையின் பாடல்கள்'. தனக்குள் இப்போது ஒரு தணிக்கையாளர் உட்கார்ந்திருக்கிறார் என்று வெளியீட்டின்போது சொன்னார். அதே வருடக் கடைசியில் நாவலும் வந்தது, 'பூனாச்சி'. மனிதர்களைப் பற்றி எழுத அச்சம், தெய்வங்களைப் பற்றி எழுதப் பேரச்சம், மாடு பற்றியும் பன்றி பற்றியும் எழுதவே கூடாது என்று அதன் முன்னுரையில் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வருகிறார். மிச்சமிருந்த விலங்குகளில் அவர் தேர்ந்தெடுத்தது வெள்ளாடு.