முகப்பருவும் நாம் முகங்கழுவும் முறையும்



"அகத்தின் அழகு முகத்தில் தெரியும்" என்பது எம்மவர் மத்தியில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. ஆசிரியத் தொழிலில் ஈடுபட்ட எம்மைப் போன்றோர் இதனைப் பிழையாக விளங்கிக்கொண்டு, முகத்தைப் பார்த்தே மாணவனின் துப்புரவையும் ஒழுக்கத்தையும் அளவிட முற்படுவதுண்டு. பல ஆண்டுகளுக்கு முன்னர், வன்னியில் நாம் விஞ்ஞானம் கற்பித்த காலத்தில், பத்தாம் தர மாணவன் ஒருவனின் நெற்றியிலும் கன்னங்களிலும் பருக்கள் நிறைந்திருக்கக் கண்டோம். "நாளைக்கு முகத்தைச் சவர்க்காரம் போட்டு வடிவாய்க் கழுவிக்கொண்டு வா" என்று வகுப்பார் முன்னிலையிலேயே அவனுக்குச் சொன்னோம். அவன் சொற்கேட்டு நடக்கும் பிள்ளை. அன்று முதல் இடைவேளை தோறும் கிணற்றடிக்குச் சென்று, உடுப்புத் தோய்க்கும் சவர்க்காரத்தினால் முகத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். பருக்கள் குறையவில்லை. தோல் காய்ந்து உரிந்து, பருக்கள் முன்னிலும் சிவந்து பெருத்தன. முன்வாங்கில் இருந்தவன் கடைசி வாங்கிற்கு மாறிக்கொண்டான். பிழை அவனுடையதன்று, எம்முடையது என்பதை உணர எமக்கு நீண்டகாலம் சென்றது.

புலம்பெயர்ந்து இந்தப் பிறிஸ்பேன் நகரில் குடியேறி, வார இறுதித் தமிழ்ப் பாடசாலையில் கற்பிக்கத் தொடங்கிய பின்னர், அதே வார்த்தைகளை வேறு வாய்களிலிருந்து கேட்கின்றோம். "சேர், இவள் முகத்தை ஒழுங்காய்க் கழுவிறாளில்லை" என்று வகுப்பு வாசலில் நின்று ஒரு தாய் முறையிடுகின்றார். அருகில் நிற்கும் மகள் நிலத்தைப் பார்க்கின்றாள். சென்ற ஆண்டு விழா நாடகத்திற்குத் தெரிவான மாணவி ஒருத்தி ஒத்திகைகளுக்கு வராது நின்றுவிட்டாள். பரீட்சை என்று காரணம் சொல்லப்பட்டது. உண்மைக் காரணம் அவளது கன்னத்துப் பருக்களே என்பதைப் பிந்தித்தான் அறிந்தோம். நாம் வைத்தியர் அல்லோம். எனினும் விஞ்ஞானம் படிப்பித்தவர் என்ற முறையில் இவ்விடயத்தைச் சற்று விளக்கமாக எழுதக் கடமைப்பட்டுள்ளோம்.

பரு அழுக்கினால் உண்டாவதன்று. எமது தோலிலுள்ள மயிர்க்கண் ஒவ்வொன்றினுள்ளும் ஒரு சிறு நெய்ச்சுரப்பி உண்டு. பூப்பெய்தும் பருவத்தில் உடலில் அதிகரிக்கும் அன்ட்ரோஜன் என்னும் ஓமோன்கள் இச்சுரப்பிகளைத் தூண்ட, நெய் மிகுதியாகச் சுரக்கின்றது. அதே வேளையில் மயிர்க்கண்ணின் உட்சுவரிலிருந்து உதிரும் இறந்த கலங்கள் வெளியேறாது நெய்யுடன் கலந்து வாயை அடைத்துக்கொள்கின்றன. அடைபட்ட நெய்யில், எல்லோருடைய தோலிலும் இயல்பாகவே வாழும் ஒருவகைப் பற்றீரியா பெருகுகின்றது. உடல் அதனை எதிர்க்கும்போது சிவப்பும் வீக்கமும் சீழும் தோன்றுகின்றன. மூக்கின் மீது காணப்படும் கரும்புள்ளிகளையாவது அழுக்கென்று கொள்ளலாமோ எனின், அதுவும் பொருந்தாது. அக்கருமை, அடைப்பிலுள்ள மெலனின் என்னும் நிறப்பொருளாலும், காற்றுப்பட்டு மாற்றமடைந்த நெய்யாலும் வருவது. அதனை உரஞ்சிக் கழுவிப் போக்கிவிட முடியாது.

இவை எந்த நாட்டுப் பிள்ளைக்கும் பொது. வெப்பநாட்டில் மட்டும் பரு ஏன் மீண்டும் மீண்டும் வருகின்றது? தோலின் வெப்பநிலை 1 பாகை செல்சியஸ் உயர, நெய் வெளிப்படும் அளவு ஏறத்தாழ 10 சதவீதம் கூடுவதாக 1970ஆம் ஆண்டளவில் பிரித்தானிய ஆய்வாளர்கள் அளந்து காட்டினர். இத்துடன் வியர்வையில் நெடுநேரம் ஊறும் தோல் பொருமி, மயிர்க்கண்களின் வாய் மேலும் ஒடுங்குகின்றது. இரண்டாம் உலகப் போரின்போது வெப்பமண்டல நாடுகளில் நிறுத்தப்பட்ட போர்வீரர்களுக்கு முதுகிலும் தொடையிலும் பெரும் பருக்கள் தோன்றியமையால், இதற்கு வெப்பமண்டலப் பரு என்றே ஒரு பெயர் வைத்தியத்தில் உண்டு. மார்கழி முதல் மாசி வரை இந்நகரில் நிலவும் புழுக்கம் எமது ஊரின் புழுக்கத்திற்கு அதிகம் குறைந்ததன்று. இத்தகைய காலநிலையில், நன்மை கருதி நாம் செய்யும் அன்றாடக் காரியங்கள் சில எரியும் நெருப்பில் எண்ணெய் வார்க்கின்றன.

எண்ணெய் என்றதும் நினைவுக்கு வருவது தலைக்கு வைக்கும் தேங்காய் எண்ணெய். பிள்ளைகளின் கேசத்தைப் பேணுவது எமது தாய்மாரின் அன்புக் கடமை. அதனைக் கைவிடுமாறு நாம் சொல்லவில்லை. ஆனால் தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 அல்லது 25 பாகையில் உருகுவது. ஆடி மாதக் குளிரில் போத்தலினுள் வெண்கட்டியாக உறைந்திருக்கும் அதே எண்ணெய், தை மாத வெயிலில் நீராக ஓடும். உச்சியில் வைத்தது நெற்றிக்கு வடியும், இரவில் தலையணையில் ஊறும், உறங்கும் பிள்ளையின் கன்னத்தில் ஒட்டும். மயிர்க்கண்களை அடைக்கும் இயல்பு தேங்காய் எண்ணெய்க்கு உண்டு. தலையில் தடவும் நெய்ப்பசையினால் நெற்றியோரத்தில் வரிசையாகத் தோன்றும் பருக்களைப் பற்றி, கறுப்பின ஆண்களிடையே அமெரிக்கத் தோல் வைத்தியர்கள் நடத்திய ஆய்வு 1970இலேயே வெளிவந்தது. உங்கள் பிள்ளைக்கும் பருக்கள் நெற்றியிலும் தலைமயிர் தொடங்கும் ஓரத்திலுமே அதிகமெனின் முதலில் எண்ணெயைச் சந்தேகியுங்கள். குளிப்பதற்கு ஓரிரு மணித்தியாலங்களுக்கு முன்னர் எண்ணெய் வைத்து, பின் ஷாம்பு இட்டு முழுகி, இறுதியாக முகத்தைக் கழுவிவிட்டால் கேசமும் பேணப்படும், நெற்றியும் தப்பும். தலையணை உறையை வாரம் ஒருமுறையேனும் மாற்றுதல் நன்று. அம்மம்மா ஊரிலிருந்து அனுப்பிய எண்ணெய் என்பதற்காக அதனை முகத்திலும் பூச வேண்டியதில்லை. அம்மம்மாவும் கோபிக்கமாட்டார்.

இனி, கழுவும் முறைக்கு வருவோம். ஆரோக்கியமான தோலின் மேற்பரப்பு சற்று அமிலத்தன்மையுடையது. அதன் பீஎச் பெறுமானம் 5இற்கு அண்மியது. சாதாரண சவர்க்காரத்தினதோ 9 அல்லது 10. இந்தக் காரத்தினால் நாளொன்றுக்கு ஐந்தாறு தடவை கழுவும்போது தோலின் காப்புப்படை குலைந்து, எரிச்சலும் வறட்சியும் தோன்றுகின்றன. எரிச்சலடைந்த தோலில் பருவின் வீக்கம் மோசமாகும். போதாக்குறைக்குப் பரு மருந்து பூசினால் அந்த எரிவைத் தாங்கமாட்டாது பிள்ளை மருந்தையும் விட்டுவிடும். காலையில் ஒருமுறை, இரவில் ஒருமுறை, விளையாடி வியர்த்து வந்தபின் ஒருமுறை என்பதே போதிய அளவு. காரமற்ற மென்மையான முகங்கழுவியை விரல் நுனிகளால் தடவி, இளஞ்சூட்டு நீரால் கழுவி, துவாயால் ஒற்றியெடுத்தல் வேண்டும். துவாயால் அழுத்தித் துடைப்பதும், பீர்க்கந்தும்பினால் முகத்தை உரஞ்சுவதும் கூடாது.

இந்நாட்டிற்கே உரிய ஒன்று வெயில்காப்புக் கிறீம். 1981இல் விக்ரோரியா மாநிலத்தில் ஆரம்பிக்கப்பட்ட "ஸ்லிப், ஸ்லொப், ஸ்லாப்" இயக்கத்தை அறியாத பிள்ளை இங்கில்லை. பருக்கள் கூடுகின்றன என்று சொல்லிச் சில மாணவர்கள் இந்தக் கிறீமை நிறுத்திவிடுகின்றனர். இது பெருந்தவறு. பரு ஆறிய இடத்தில் எமது மண்ணிறத் தோலில் தங்கும் கருந்தழும்புகளை வெயில் மேலும் கருக்கச் செய்யும். ஆகவே கிறீம் வேண்டும், ஆனால் கொழுப்பு மிகுந்த தடித்த வகை வேண்டாம். எண்ணெயற்றது என்றோ, நொன்-கொமெடோஜெனிக், அதாவது மயிர்க்கண்களை அடைக்காதது என்றோ குறிக்கப்பட்ட இலேசான வகையைத் தெரிந்தெடுங்கள். காலையில் பூசியது, அதன்மேல் மதியம் பூசியது, அதன்மேல் வியர்வையும் தூசியும் எனப் படைபடையாகச் சேர்ந்தவற்றுடன் இரவில் உறங்குவதே பல பிள்ளைகளின் வழக்கம். இரவுக் கழுவலை மட்டும் ஒருபோதும் தவறவிடலாகாது.

துடுப்பாட்டம் ஆடும் மாணவர்கள் தங்கள் நாடியைப் பார்த்துக்கொள்வார்களாக. தலைக்கவசத்தின் பட்டி உராயும் இடத்திலும், புத்தகப் பையின் வார் அழுத்தும் தோள்களிலும் வரும் பருக்களை, உராய்வுப் பரு என அமெரிக்க வைத்தியர்கள் 1975இல் வகைப்படுத்தினர். பட்டியைத் துடைப்பதும், வியர்வையில் நனைந்த மேற்சட்டையை உடன் மாற்றுவதும் இதற்குப் போதும்.

நாம் மிகவும் அஞ்சுவது வேறொன்றை. பருவைப் போக்கவென்று பற்பசை பூசுவதும், தேசிக்காய்ப் புளி தேய்ப்பதும் எம்மவரிடையே உண்டு. தேசிக்காய்ப் புளி பட்ட தோலில் வெயில் பட்டால் அது வெந்து கொப்பளித்து, கருந்திட்டாக மாதக்கணக்கில் நிற்கும். ஆயினும் இவற்றினும் கொடியது, உறவினர் எவரேனும் பயணப்பெட்டியில் கொண்டுவந்து கொடுக்கும் வெள்ளையாக்கும் கிறீம். "பருவும் போகும், நிறமும் வரும்" என்ற பரிந்துரையோடு அது வருகின்றது. இவற்றுட் சிலவற்றில் பீட்டாமெதசோன் போன்ற ஸ்டெரொயிட் மருந்துகள் கலந்துள்ளன. முதல் இரண்டு வாரங்களில் சிவப்பு அடங்கி முகம் வெளுத்துத் தெரியும். வீட்டார் மகிழ்வர். தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து, நுண்ணிய இரத்தக் குழாய்கள் வெளித்தெரிந்து, ஒரே அளவான சிறு பருக்கள் முகமெங்கும் முளைக்கும். நிறுத்தினாலோ முகம் எரிந்து சிவக்கும். அந்த எரிவுக்குப் பயந்து பிள்ளை மீண்டும் அதனையே பூசும். இத்தகைய தீங்கு பெருகியமையாலேயே 2018ஆம் ஆண்டு இந்திய அரசு 14 வகைப் பூச்சு ஸ்டெரொயிட் மருந்துகளை வைத்தியரின் சீட்டின்றி விற்பதைத் தடைசெய்தது. வேறு சில கிறீம்களில் சிறுநீரகத்தைப் பாதிக்கும் பாதரசமே சேர்ந்திருக்கும். உள்ளடக்கம் எழுதப்படாத குப்பி எதுவாயினும் அதனை முகத்தருகே கொண்டுசெல்லாதீர்கள். பல மாதம் பூசிவிட்டோமெனில் திடீரென நிறுத்தாது, குப்பியையும் எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் செல்லுங்கள். அவர் ஏசமாட்டார்.

பருவைக் கிள்ளும் விரல்களுக்கும் ஒரு சொல். அழுத்தும்போது சீழின் ஒரு பகுதி வெளியே வந்தாலும் மறுபகுதி தோலின் உள்ளே ஆழமாகச் செல்லும். இரண்டு வாரத்தில் ஆறவேண்டிய பரு, ஆண்டுக்கணக்கில் நிற்கும் குழியாகும்.

அப்படியாயின் மருந்துதான் என்ன? இலேசான பருக்களுக்கு, 2.5 அல்லது 5 சதவீத பென்சொயில் பெரொக்சைட் கலந்த பூச்சு இங்குள்ள மருந்துக் கடைகளில் வைத்தியர் சீட்டின்றியே கிடைக்கும். அதனைப் பருவின் தலையில் மட்டும் வைக்காது, பரு வரும் பகுதி முழுவதிலும் மெல்லிதாகப் பூசவேண்டும். (நிறத் துவாய்களையும் தலையணை உறைகளையும் அது வெளுக்கச் செய்யும். எமது வீட்டு நீலத் துவாய் இதற்குச் சாட்சி.) பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் செல்லும். மூன்றாம் நாள் கண்ணாடி பார்த்துச் சலித்து மருந்தை மாற்றும் பிள்ளைக்கு எந்த மருந்தும் உதவாது. வலியுள்ள பெரிய கட்டிகள், குழி விழும் பருக்கள் என்பனவற்றிற்குத் தாமதியாது குடும்ப வைத்தியரை நாடுங்கள். நெஞ்சிலும் முதுகிலும் ஒரே அளவாகத் தோன்றிக் கடிக்கும் குருக்கள், வியர்வையில் பெருகும் ஒருவகைப் பூஞ்சணத்தால் வருபவையாக இருக்கலாம். அதற்குரிய மருந்து வேறு. உணவைப் பற்றியும் பெற்றோர் கேட்பதுண்டு. 2007இல் மெல்பேணில் 43 இளைஞர்களிடம் நடத்திய ஆய்வில், இரத்தத்தில் சீனியை விரைந்து ஏற்றாத உணவு 12 வாரங்களில் பருக்களைக் குறைத்தது. ஆகவே மென்பானத்தைக் குறைப்பது நன்று. மிளகாய்த்தூள் மீது பழி போடவேண்டாம்.

இவ்விழா மலர் உங்கள் கைக்கு வரும் வேளையில், மேடையின் பின்புறம் நடனப் பிள்ளைகளுக்கு ஒப்பனை நடந்துகொண்டிருக்கும். கடந்த ஆண்டுகளில் ஒரே பஞ்சினால் இருபது முகங்களுக்குத் தடித்த பான்கேக் பூசினோம். விளக்குகளின் வெப்பத்தில் மூன்று மணி நேரம் வியர்த்த பிள்ளைகள், இரவுணவு முடிந்து காரிலேயே உறங்கி, மறுநாட் காலையில்தான் முகங்கழுவினர். இம்முறை ஒப்பனை அறையின் கதவருகே ஒரு மேசையும், இளஞ்சூட்டு நீரும், மென்மையான முகங்கழுவியும், பஞ்சுத் துண்டுகளும் வைத்துள்ளோம். ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயர் எழுதிய தனித்தனிப் பஞ்சு உண்டு. நிகழ்ச்சி முடிந்ததும் பிள்ளையைப் படம் எடுத்தபின், காருக்கு அழைத்துச் செல்வதற்கு முன்னர், அம்மேசைக்கு ஒருமுறை அழைத்து வாருங்கள். நாமும் அங்குதான் நிற்போம்.