தலை மட்டுமா, முழு உடலுமா?

இறந்தவரின் உடலை மைனஸ் 196 டிகிரி செல்சியஸில், திரவ நைட்ரஜனுக்குள் வைத்துக் காத்தால், பின்னாளில் மருத்துவம் வளர்ந்ததும் உயிர்ப்பித்துவிடலாம் என்ற நம்பிக்கைதான் கிரையோனிக்ஸ். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள ஆல்கார் நிறுவனத்தில் உறுப்பினராகச் சேருகிறவர் முழு உடலையும் காப்பதா, தலையை மட்டும் காப்பதா என்று முடிவு செய்ய வேண்டும்.

இந்த முடிவில் கட்டணம் பெரிய காரணம். அங்கே நெடுநாளாக முழு உடலுக்குக் குறைந்தது 2 லட்சம் டாலர், தலைக்கு 80 ஆயிரம் டாலர் என்று இருந்தது. பலர் ஆயுள் காப்பீட்டுத் தொகையை நிறுவனத்தின் பெயருக்கு எழுதிவைத்து இதைக் கட்டுகிறார்கள்.

தலையே போதும் என்பவர்களின் வாதம் வலுவானது. நினைவும் குணமும் மூளையில்தான் இருக்கின்றன. மூளையையே மீட்கத் தெரிந்த மருத்துவத்துக்கு ஓர் உடலை உருவாக்குவது பெரிய வேலையா? செய்முறையிலும் ஒரு லாபம் உண்டு. ரத்தத்தை வெளியேற்றிவிட்டு, பனிப் படிகங்கள் உருவாகி செல்களைக் கிழிக்காதிருக்க ஒரு திரவத்தைக் குழாய்கள் வழியே செலுத்துகிறார்கள். தலைக்கு மட்டும் என்றால், மூளைக்கு எது நல்லதோ அந்த அளவில், அந்த வேகத்தில் செலுத்தலாம். முழு உடலில் மற்ற உறுப்புகளையும் பார்த்தாக வேண்டும்.

மறுபக்கம், தண்டுவடமும் உடலெங்கும் ஓடும் நரம்புகளும் ஒரு மனிதரின் பகுதி இல்லையா என்ற கேள்விக்கு இன்னும் விடை இல்லை. ஆனால் முழு உடலைத் தேர்ந்தவர்களுக்கும் மூளைதான் முதன்மை. உடல்களைத் தலைகீழாகத்தான் தொட்டிக்குள் நிறுத்துகிறார்கள். நைட்ரஜன் குறைந்தால் கால்கள் முதலில் உருகட்டும், தலை கடைசி வரை குளிர்ந்திருக்கட்டும் என்பதற்காக. அந்தத் தொட்டிகளில் நடுவிலுள்ள இடத்தில் தனித் தலைகளை அடுக்குகிறார்கள்.

எனக்குக் கவலை தருவது குடும்பம். பேஸ்பால் வீரர் டெட் வில்லியம்ஸ் 2002இல் காலமானபோது, தகனம் செய்யச் சொல்லும் உயிலைக் காட்டி மூத்த மகள் நீதிமன்றம் போனார். மற்ற இரு பிள்ளைகள், உடலைக் குளிரில் காக்கச் சம்மதித்துத் தந்தை கையெழுத்திட்டதென்று ஒரு துண்டுச் சீட்டைக் காட்டினார்கள். கடைசியில் அவரது தலையும் உடலும் தனித்தனியே ஆல்காரிலேயே வைக்கப்பட்டன. துக்கத்தில் இருக்கும் பிள்ளைகளை நீதிமன்றப் படியேற்றும் முடிவு இது.

இதுவரை இப்படி வைக்கப்பட்ட ஒருவர்கூட உயிர்த்தெழவில்லை. அந்த உண்மையை ஏற்றுக்கொண்டு சேருகிறவருக்குத் தலை மட்டும் என்பதே பொருத்தமான தேர்வு என்பது என் கருத்து. எதைத் தேர்ந்தாலும் வீட்டாரை உட்காரவைத்துப் பேசி, சாட்சிகளோடு எழுதி வையுங்கள்.