சுவருக்கு உள்ளேயும் பூட்டு

இணையதளத்துக்கும் அதைப் பயன்படுத்துவோருக்கும் இடையே ஓடும் தரவு குறியாக்கம் செய்யப்பட வேண்டும் என்பது இன்று எல்லோரும் ஒப்புக்கொண்ட விதி. அந்த இணையதளத்தை இயக்கும் சர்வர்கள் தமக்குள் பேசிக்கொள்வதும் அதே அளவுக்குக் காக்கப்பட வேண்டும் என்ற எண்ணமோ மிகவும் பிந்தியே வேரூன்றியது. ஒரே நிறுவனத்தின் கம்பிகளில் ஓடுவதை யார் ஒட்டுக்கேட்கப் போகிறார்கள் என்று நிலவிய நம்பிக்கை, அமெரிக்க உளவு அமைப்பின் ரகசியங்களைக் கசியவிட்ட ஸ்நோடனின் ஆவணங்களைக் கொண்டு 2013 அக்டோபரில் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் வெளியிட்ட செய்தியால் தகர்ந்தது. கூகுள், யாஹூ ஆகியவற்றின் டேட்டா சென்டர்களை இணைக்கும் தடங்களிலிருந்து அமெரிக்க, பிரிட்டன் உளவு அமைப்புகள் மஸ்குலர் என்ற திட்டத்தின் வழியே தகவலை அள்ளிவந்தன என்றது அச்செய்தி. அதனுடன் வெளியான கைவரைபடம் ஒன்றில், பொது இணையமும் கூகுளின் உள்வலையும் சந்திக்கும் இடத்தில் குறியாக்கம் கழற்றப்படுவதை அம்புக்குறியால் சுட்டி, அருகில் சிரிக்கும் முகமொன்றையும் வரைந்திருந்தார்கள்.

பல சர்வர்கள் சேர்ந்து ஒரே அமைப்பாக இயங்கி, ஒன்று பழுதானாலும் மற்றவை வேலையைத் தொடரும்படி அமைக்கப்படும் கூட்டத்தைக் கிளஸ்டர் என்பர். எட்சிடி என்ற தரவுக்கிடங்கு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கிளஸ்டர்களை நிர்வகிக்கும் குபர்னெட்டிஸ் மென்பொருள் தன் நிலைத்தரவை இதில்தான் வைக்கிறது. கடவுச்சொற்களும் அதில் அடங்கும், தனி ஏற்பாடு செய்யாவிட்டால் அவை அங்கே குறியாக்கமின்றியே கிடக்கும். வழக்கமாக 3 அல்லது 5 சர்வர்களில் இயங்கும் எட்சிடியில், பெரும்பான்மை உறுப்பினர்கள் ஒப்புக்கொண்ட பிறகே எந்த மாற்றமும் உறுதியாகும். அதற்கான பேச்சு 2380 என்ற போர்ட்டில் நடக்க, வெளியிலிருந்து அதைப் பயன்படுத்தும் மென்பொருள்கள் 2379 வழியே வருகின்றன. உறுப்பினர்களுக்கிடையிலான தடம் காப்பின்றி இருந்தால் ஒட்டுக்கேட்பவருக்கு எல்லாம் தெரிந்துவிடும் என்பது ஒரு கேடு. அந்நியச் சர்வர் ஒன்று உறுப்பினர் வேடமிட்டுப் பேச்சில் கலந்துவிடலாம் என்பது அதனினும் பெரிய கேடு. குறியாக்கம் மட்டும் இதைத் தடுக்காது, ஏனெனில் வேடதாரியோடும் குறியாக்கம் செய்தே பேசலாம்.

இங்கேதான் சான்றிதழ் வருகிறது. ஒவ்வொரு சர்வரிடமும் கணிதத்தால் பிணைந்த இரு சாவிகள் உண்டு: தனிச்சாவி அந்தச் சர்வரை விட்டு வெளியேறக் கூடாது, பொதுச்சாவியை யாரிடமும் தரலாம். இந்தப் பொதுச்சாவி இந்தப் பெயருடையதே என்று நம்பிக்கைக்குரிய மூன்றாமவர் மின்கையொப்பமிட்டுத் தரும் சிறு ஆவணமே சான்றிதழ். 1978இல் எம்ஐடியில் லோரன் கோன்ஃபெல்டர் தம் இளநிலைப் பட்ட ஆய்வேட்டில் முன்வைத்த கருத்து இது. கையொப்பமிடும் மூன்றாமவரைச் சான்றளிப்பு மையம் என்பர். கிளஸ்டருக்குள் அந்த மையத்தை நிறுவனமே உருவாக்கிக்கொள்வது வழக்கம். அதன் தனிச்சாவி கைமாறினால் புதுப்புது உறுப்பினர்களை எவரும் உற்பத்தி செய்யலாமாதலால், அதை அன்றாடம் ஓடும் சர்வர்களில் வைக்காமல் விலக்கி வைப்பதே தக்கது. மேலும், ஒரு மையத்தை நம்பும் சர்வர் அம்மையம் கையொப்பமிட்ட எதையும் ஏற்றுவிடும். ஆகவே எட்சிடிக்கெனத் தனி மையம் வேண்டும், குபர்னெட்டிஸின் நிறுவுக் கருவியான குபேட்மினும் அவ்வாறே தனியாக ஒன்றை அமைக்கிறது.

இணையதளத்தில் சான்றிதழ் காட்டுவது பெரும்பாலும் ஒரு பக்கம்தான். கிளஸ்டரிலோ ஒரே சர்வர் சில வேளை அழைப்பை ஏற்பதாகவும் சில வேளை அழைப்பதாகவும் இருப்பதால், இரு பக்கமும் சான்றிதழைக் காட்டியாக வேண்டும். சான்றிதழில் அதன் பயன் குறிக்கப்படும் இடத்தில் ஏற்பவர், அழைப்பவர் என்ற இரண்டையும் குறிப்பிட வேண்டும். ஏற்பவர் என்று மட்டும் எழுதிவிட்டால், கேட்கும்போது சரியாக இயங்கும் சர்வர் தானே அழைக்கும்போது மட்டும் நிராகரிக்கப்படும். கண்டுபிடிக்க எரிச்சலூட்டும் பிழைகளில் இது ஒன்று.

நடைமுறையில் தொல்லை தருவது கணிதத்தைவிடப் பெயர்தான். 10.0.0.11, 12, 13 ஆகிய முகவரிகளில் மூன்று சர்வர்கள் இருப்பதாகவும், மூன்றாவது பழுதாகி அதன் இடத்தில் 10.0.0.14 வந்ததாகவும், பழைய சர்வரின் சான்றிதழையும் சாவியையுமே நிர்வாகி அதில் நகலெடுத்து வைத்ததாகவும் கொள்வோம். சாவி சரி, கையொப்பம் சரி, காலமும் முடியவில்லை; ஆனால் சான்றிதழ் 13 என்றே சொல்வதால் 14ஐ அழைக்கும் மற்ற இரண்டும் தொடர்பைத் துண்டித்துவிடும். பொதுப்பெயர் என்ற பழைய இடத்தில் மட்டும் முகவரியை எழுதுவதும் போதாது. எட்சிடி எழுதப்பட்டுள்ள கோ மொழி 2020இல் வந்த 1.15 பதிப்பிலிருந்து, சான்றிதழின் மாற்றுப்பெயர்ப் பட்டியலில் இல்லாத பெயரை இயல்பமைப்பில் ஏற்பதில்லை. எல்லாப் பெயர்களுக்கும் ஒரே சான்றிதழை எழுதி மூன்றிலும் வைத்துவிடுவது சுலபம்தான். ஆனால் ஒரு சர்வரின் சாவி திருடுபோனால் மூன்றின் அடையாளமும் போய்விடும் என்பதால் அந்தச் சுலபம் வேண்டாதது.

அடுத்தது காலம். குபேட்மின் தரும் சான்றிதழ்கள் இயல்பாக 1 ஆண்டும், மையத்தின் சான்றிதழ் 10 ஆண்டும் செல்லும். கிளஸ்டரை ஒரே நாளில் நிறுவினால் எல்லாச் சான்றிதழ்களும் ஏறத்தாழ ஒரே வேளையில் காலாவதியாகும். ஒன்று விழுந்தாலும் மற்றவை தாங்கும் என்ற ஏற்பாட்டின் அடிப்படையையே இது கெடுத்துவிடுகிறது. காலம் சரிபார்க்கப்படுவது தொடர்பு தொடங்கும்போது மட்டுமே என்பதால் ஏற்கெனவே நிறுவப்பட்ட தொடர்புகள் ஓடிக்கொண்டே இருக்கும். சில நாள் கழித்து வேறு காரியத்துக்காக ஒரு சர்வரை மறுதொடக்கம் செய்தவுடன் அது திரும்பச் சேர முடியாமல் நிற்க, குற்றம் அந்தப் புதிய வேலையின் மேல் விழும். கடிகாரம் பின்தங்கிய சர்வரில் இதற்கு நேர்மாறாக, அப்போதுதான் வழங்கிய சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை என்று மறுக்கப்படுவதும் உண்டு.

குபர்னெட்டிஸ் பதிப்பை உயர்த்தும்போது குபேட்மின் 1 ஆண்டுச் சான்றிதழ்களைத் தானே புதுப்பித்துவிடும் என்பதால், ஆண்டுக்கணக்கில் பதிப்பை மாற்றாமல் விட்டவர்களே பெரும்பாலும் காலாவதியில் சிக்குகிறார்கள். மையத்தின் 10 ஆண்டுச் சான்றிதழுக்கு அந்தத் தானியங்கி ஏற்பாடு இல்லை. அதை மாற்ற, முதலில் புதிய மையத்தின் சான்றிதழைப் பழையதோடு ஒரே கோப்பில் சேர்த்து, ஒவ்வொரு சர்வரும் இரண்டையும் நம்பும்படி செய்ய வேண்டும். பிறகு ஒவ்வொன்றாக உறுப்பினர் சான்றிதழ்களைப் புதிய மையத்தின் கையொப்பத்துக்கு மாற்ற வேண்டும். எல்லாம் மாறியது உறுதியான பின்னரே பழையதைக் கோப்பிலிருந்து நீக்கலாம்.