அணைத்தாலும் எரியும் மஞ்சள் விளக்கு

பழி சென்சார் மேல்! குற்றவாளி யார்?

ஆவடியில் ஒரு குடும்பம், பத்து வருடப் பழைய பெட்ரோல் கார் ஒன்றை வாங்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம். இந்தக் கதை எந்தத் தெருவிலும் நடக்கக்கூடியதுதான்.

கார் பளபளப்பாக இருந்தது. பூந்தமல்லிக்கு ஓட்டிப் பார்த்தார்கள். நன்றாக ஓடியது. பணத்தைக் கொடுத்தார்கள்.

பத்தாம் நாள், ஸ்டீயரிங்குக்கு எதிரே ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. என்ஜின் படம் போட்ட விளக்கு!

காரைப் பட்டறைக்குக் கொண்டுபோனார்கள். மெக்கானிக் ஒரு சிறு கருவியைச் செருகினார். “ஆக்சிஜன் சென்சார் போய்விட்டது சார்” என்றார். புதிது மாட்டினார். விளக்கு அணைந்தது.

இரண்டு வாரம் கழித்து மறுபடியும் எரிந்தது!

வேறு பட்டறைக்குப் போனார்கள். அங்கே, புதுப்பேட்டையில் வாங்கி வந்த பழைய சென்சார் ஒன்றை மாட்டினார்கள். விளக்கு அணைந்தது. மறுபடியும் எரிந்தது.

மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு எடுத்து வைத்திருந்த பணத்தில் கை வைத்தாயிற்று. வீட்டில் பேச்சு வளர்ந்தது.

உண்மையில் கெட்டது எது?

விளக்கு வந்த கதை

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தை மோட்டார் புகை மூடியது. அதனால் கலிபோர்னியா மாநிலம் ஒரு சட்டம் போட்டது. “புகையைக் கெடுக்கும் கோளாறு வந்தால் வண்டியே அதைச் சொல்லவேண்டும்” என்றது. 1988-ம் ஆண்டு மாடல் கார்களிலிருந்து இது தொடங்கியது. 1996-ல் அமெரிக்கா முழுவதும் ஒரே மாதிரி முறை வந்தது.

இந்தியாவில் 2010 ஏப்ரலில், சென்னை உள்பட 13 நகரங்களில் பாரத் ஸ்டேஜ் 4 விதி வந்தபோது இதன் முதல் கட்டம் வந்தது. 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டம் வந்தது.

காரின் டாஷ்போர்டுக்கு அடியில், டிரைவரின் முழங்கால் பக்கம், 16 துளைகள் கொண்ட ஒரு செருகுவாய் இருக்கும். மெக்கானிக் கருவியைச் செருகுவது அதில்தான். செருகியதும் ஓர் எண் வரும். இந்தக் காரில் வந்த எண் பி 0171.

இதன் பொருள் என்ன? “பெட்ரோல் குறைவு, காற்று அதிகம்.” அவ்வளவுதான்! சென்சார் கெட்டது என்று அந்த எண் சொல்லவே இல்லை.

ஆக்சிஜன் சென்சார் புகைக் குழாயில் உட்கார்ந்திருக்கிறது. ஒரு பங்கு பெட்ரோல் எரிய 14.7 பங்கு காற்று வேண்டும். எடைக் கணக்கு இது. காற்று கூடினாலும் குறைந்தாலும் சென்சார் உடனே காரின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். வாசலில் திருடனைக் கண்டு குரைத்த நாயை அடித்து விரட்டியது போல, சேதி சொன்ன சென்சாரைக் கழற்றி எறிந்தார்கள்!

அப்படியானால் விளக்கு ஏன் அணைந்தது? மெக்கானிக் கருவியால் அந்த எண்ணை அழித்துவிட்டார். பெரும்பாலான கோளாறுகள், அடுத்தடுத்து இரண்டு ஓட்டங்களில் தெரிந்த பிறகுதான் விளக்கை ஏற்றும். அதனால்தான் சில நாள் நிம்மதி.

கேள்வி கேட்ட மேஸ்திரி

மூன்றாவதாக அம்பத்தூரில் ஒரு வயதான மேஸ்திரியிடம் போனார்கள். 1964-ல் தொழிற்பேட்டை வந்த ஊர் அம்பத்தூர். இரும்பையும் எந்திரத்தையும் அறிந்த கைகளுக்கு அங்கே பஞ்சம் இல்லை.

மேஸ்திரி ஸ்பேனரைத் தொடவில்லை. “எப்போது எரிகிறது சார்? ஓடும்போதா, சிக்னலில் நிற்கும்போதா?” என்று கேட்டார்.

“நிற்கும்போதுதான் மேஸ்திரி.”

கருவியைச் செருகினார். கோளாறு வந்த நொடியில் வேகம் என்ன, சூடு என்ன, என்ஜின் சுற்று என்ன என்று கம்ப்யூட்டர் குறித்து வைத்திருக்கும். எண்ணை அழித்தால் இந்தக் குறிப்பும் அழிந்துவிடும். முதல் இரண்டு பேரும் இதைப் பார்க்கவே இல்லை.

அடுத்து, கம்ப்யூட்டர் எவ்வளவு பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கிறது என்று பார்த்தார். ஐட்லிங்கில் 20 சதவிகிதத்துக்கு மேல் கூட்டியது. ஆக்சிலேட்டரை மிதித்து 2,500 சுற்றுக்குக் கொண்டுபோனார். கூட்டல் ஏறக்குறைய மறைந்தது!

மேஸ்திரி சிரித்தார். விஷயம் புரிந்துவிட்டது.

ஒரு டம்ளர் பாலில் ஒரு கரண்டி தண்ணீர் கலந்தால் நாக்குக்குத் தெரியும். ஓர் அண்டா பாலில் அதே கரண்டித் தண்ணீர் தெரியாது. ஐட்லிங்கில் என்ஜின் இழுக்கும் காற்று டம்ளர் அளவு. வேகத்தில் அது அண்டா அளவு. ஆகவே, கணக்கில் வராத கொஞ்சம் காற்று எங்கோ திருட்டுத்தனமாக நுழைகிறது.

காற்று போகும் வழியில் புகையைச் செலுத்தினார். என்ஜினுக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், ஒரு ரப்பர் குழாயிலிருந்து நூல் போலப் புகை கசிந்தது. வெடிப்பு! ரப்பர் வெயிலிலும் சூட்டிலும் காய்ந்து போயிருந்தது.

விரல் நீளக் குழாய். விலை சென்சாருக்குப் பக்கத்தில்கூட வராது.

வெள்ளமும் எலியும்

எல்லா வண்டியிலும் குழாயே குற்றவாளி என்று எண்ணவேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வெள்ளம் புகுந்தது. தண்ணீரில் நின்ற வண்டியை வெளியே துடைத்துவிடலாம். ஒயர் சேரும் முனைகளில் பச்சை பூத்திருக்கும். அங்கே மின்சாரம் தடுமாறும். விளக்கு ஒருநாள் எரியும், ஒருநாள் எரியாது. எலி கடித்த ஒயரும் இதே வேலையைச் செய்யும். இப்படி வந்து வந்து போகும் கோளாறுதான் மெக்கானிக்குகளுக்குப் பெரிய தலைவலி. என்ஜின் ஓடும்போதே ஒயரை மெல்ல அசைத்துப் பார்த்துத்தான் பிடிக்கிறார்கள்.

விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாகப் பட்டறைக்குப் போகலாம். விட்டுவிட்டு மின்னினால் ஓட்டாதீர்கள்! எரியாத பெட்ரோல் புகைக் குழாய்க்குள் போய், புகையைச் சுத்தம் செய்யும் விலை உயர்ந்த பாகத்தைச் சுட்டுப் பொசுக்கிவிடும்.

பழைய கார் வாங்குபவர்களுக்கு இன்னொரு செய்தி. விற்பதற்கு முன் எண்ணை அழித்து விளக்கை அணைத்துவிடுவது சுலபம். ஆனால், அழித்தவுடன் காரின் சுயசோதனைகள் “முடியவில்லை” என்று கருவியில் காட்டும். அவை முடியப் பல ஓட்டங்கள்கூட ஆகலாம். முன்பணம் கொடுக்குமுன் ஒரு மெக்கானிக்கை அழைத்துப்போய் இதைப் பார்க்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை. சாவியைத் திருப்பியதும் அந்த மஞ்சள் விளக்கு ஒருமுறை எரிகிறதா என்றும் பாருங்கள். எரியவே இல்லை என்றால் யாரோ விளக்கையே துண்டித்திருக்கக்கூடும்.

ஆவடிக் குடும்பத்தின் கார் இப்போது ஒழுங்காக ஓடுகிறது. முதலில் கழற்றிய சென்சாரை மேஸ்திரி சோதித்துப் பார்த்தார். அதில் ஒரு குறையும் இல்லை.