பிறர் மனத்தை அறிதலும் வினாத்தொடரின் அமைப்பும்

1. முன்னுரை

குழந்தை உலகை அறிந்துகொள்ளும் வளர்ச்சியில் பிறர் மனத்தை அறிதல் ஓர் இன்றியமையாத படியாகும். தான் அறிந்ததைப் பிறர் அறியாதிருக்கலாம்; பிறர் எண்ணம் உண்மைக்கு மாறாகவும் இருக்கலாம்; எனினும் அவர் அவ்வெண்ணத்தின்படியே செயற்படுவார். இத்தெளிவைப் பிழைநம்பிக்கை அறிவு எனலாம். இதனை அளக்கும் கருவி பெரும்பாலும் ஒரு வினாத்தொடரே. ஆகவே, அளக்கப்படுவது குழந்தையின் அறிவா, வினாவைப் புரிந்துகொள்ளும் திறனா என்பது மொழியியலார்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் உரிய சிக்கலாகிறது.

2. அடிப்படைச் சோதனை

இவ்வகைச் சோதனையை விம்மர், பெர்னர் ஆகியோர் 1983இல் வெளியிட்டனர். மாக்ஸி என்னும் சிறுவன் சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டு வெளியே செல்கிறான். அவன் இல்லாதபோது தாய் அதனை வேறோர் அலமாரிக்கு மாற்றிவிடுகிறாள். திரும்பி வரும் மாக்ஸி அதனை எங்கே தேடுவான் என்பது வினா. மூன்று வயதுக் குழந்தைகள் பெரும்பாலும் சாக்லேட் இப்போது உள்ள இடத்தையே சுட்டுவர். நான்கு, ஐந்து வயதில் பலரும் மாக்ஸி வைத்த இடத்தைச் சுட்டத் தொடங்குவர். வெல்மன், கிராஸ், வாட்சன் ஆகியோர் 2001இல் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து நோக்கினர். வளர்ச்சியின் போக்கு ஒன்றாயினும் அது நிகழும் வயது நாட்டுக்கு நாடு வேறுபடுவதை அவர்கள் காட்டினர். 15 மாதக் குழந்தையின் பார்வையிலேயே இவ்வறிவின் சாயல் உண்டு என ஓனிஷி, பையார்ஜான் ஆகியோர் 2005இல் கூறினர். அக்கருத்து இன்றும் விவாதத்திற்குரியது.

3. சொல் மாறின் விடையும் மாறும்

சீகல், பியாட்டி ஆகியோர் 1991இல் ‘எங்கே தேடுவாள்?’ என்பதற்கு மாற்றாக ‘முதலில் எங்கே தேடுவாள்?’ எனக் கேட்டனர். இந்த ஒரு சொல்லால் மூன்று வயதினரிடையே சரியான விடைகள் மிகுந்தன. சீன மொழியில் ‘சியாங்’ என்பது பொதுவாக எண்ணுதலைக் குறிக்கும். ‘யிவெய்’, ‘தாங்’ என்பவை எண்ணம் பிழையாக இருக்கலாம் என்னும் குறிப்பையும் உடையவை. பின்னிரு வினைகளைக் கொண்டு கேட்டபோது குழந்தைகள் மேலும் நன்றாக விடையளித்ததை லீ, ஆல்சன், டாரன்ஸ் ஆகியோர் 1999இல் கண்டனர்.

4. தமிழில் எழும் இடர்கள்

இச்சோதனையைத் தமிழாக்குவோர் மூன்று செய்திகளைக் கருத வேண்டும்.

முதலாவது சொல்வரிசை. ஆங்கில வினாவில் எண்ணுபவரும் எண்ணுதல் வினையும் முன்னரே வந்துவிடும். தமிழிலோ வினை இறுதியில் வரும். பின்வரும் தொடர்களை ஒப்பிடுக:

(அ) மிட்டாய் எங்கே இருக்கிறது என்று மாறன் நினைக்கிறான்?
(ஆ) மாறன், மிட்டாய் எங்கே இருக்கிறது என்று நினைக்கிறான்?

(அ) தொடரின் முதல் மூன்று சொற்கள் தாமே ஒரு முழு வினாவாகும். ‘என்று’ வரும் முன்னரே குழந்தை மிட்டாய் உள்ள இடத்தைச் சுட்டிவிடக்கூடும். அது பிழைநம்பிக்கை அறியாமையால் வந்த விடை எனத் துணிய இயலாது. (ஆ) தொடரில் எழுவாய் முன் நிற்பதால் இவ்விடர் குறைகிறது. எனினும் முற்றும் நீங்குவதில்லை.

இரண்டாவது வினையின் பொருள். ‘நினை’ என்பது கருதுதலை மட்டுமன்றி நினைவுகூர்தலையும் ‘செய்ய நினைத்தான்’ என்பதுபோல் உட்கோளையும் குறிக்கும். நினைவுகூர்தல் என்னும் பொருளில் ஒரு குழந்தை வினாவை ஏற்பின், சரியான விடையும் பிறர் மனத்தை அறிந்ததற்குச் சான்றாகாது.

மூன்றாவது துணைவினை. ‘தன்னைப் பெரிய ஆள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்’ என்னும் வழக்கில் அவ்வெண்ணம் தவறு என்னும் குறிப்பு உண்டு. எனவே ‘நினைக்கிறான்’ என்பதும் ‘நினைத்துக்கொண்டிருக்கிறான்’ என்பதும் சோதனையில் ஒரே தன்மையன அல்ல; பின்னது சீன ‘யிவெய்’ போலக் குழந்தைக்குக் கைகொடுக்கக்கூடும். இரண்டையும் ஆங்கிலத்திற்கு மீள்மொழிபெயர்ப்புச் செய்தால் பெரும்பாலும் ஒரே வினையே கிடைக்கும். மொழிபெயர்ப்பின் தரத்தை அறிய வழக்கமாகக் கையாளும் மீள்மொழிபெயர்ப்பு முறை இவ்வேறுபாட்டை மறைத்துவிடுகிறது.

5. முடிவுரை

பாரன்-கோஹன், லெஸ்லி, ஃப்ரித் ஆகியோரின் 1985ஆம் ஆண்டு ஆய்வுக்குப் பின் இவ்வகைச் சோதனை தற்புனைவு பற்றிய ஆய்வுகளிலும் இடம்பெற்று வருகிறது. ஆதலின், வினாவில் நேரும் பிழை ஒரு குழந்தையின் மீது ஏற்றப்படும் குறையாக முடியலாம். எழுவாயை முன்வைத்தல், ‘எங்கே தேடுவான்?’ என்னும் செயல்வினாவையும் ‘நினைக்கிறான்’ என்னும் மனவினாவையும் தனித்தனியே கேட்டுப் பதிதல், பயன்படுத்திய தமிழ்த்தொடரை ஆய்வறிக்கையில் முழுமையாகத் தருதல் ஆகியவை குறைந்த அளவு நெறிகளாகக் கொள்ளத்தக்கன. குழந்தைக்குத் தெரியவில்லை என முடிவு செய்யுமுன், அதனிடம் கேட்கப்பட்டது என்ன என்பதைத் தெளிதல் வேண்டும்.